இலைக் கதிர்க்குருவியும் நம் வீட்டுத் தமிழும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கத்தார் எலெக்ட்ரானிக் சிட்டியில் நடத்திவரும் தமிழ் வகுப்புக்கு நம் மகளை அழைத்துக்கொண்டு காலை ஒன்பது மணியளவில் நடந்து சென்றோம். வழியில் கண்ணாடி முகப்புக் கொண்ட அலுவலக மாளிகை ஒன்று உண்டு. மழை ஓய்ந்த வானமும், எதிர்ச்சாரியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களும் அம்முகப்பில் அப்படியே நிழலாடிக்கொண்டிருந்தன. அதன் அடியில், நடைபாதையில், வாடிய இலை ஒன்று கிடப்பதுபோல் நமக்குத் தோன்றிற்று. நாம் தாண்டிச் சென்றிருப்போம். மகள்தான் குனிந்து பார்த்தாள். அது இலையன்று, ஒரு சிறு பறவை.

கண்ணாடியில் தெரிந்த மரத்தை மெய்யான மரமென்று நம்பிப் பாய்ந்து, மோதி விழுந்திருக்கிறது. கண்கள் பாதி மூடியிருந்தன. மார்பு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாயிற்காவலர் ஒருவர் இரக்கங்கொண்டு பழைய செருப்புப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்து தந்தார். அதில் துணி விரித்து, மூடியில் துளையிட்டு, பறவையை வைத்து மூடி வகுப்புக்கே எடுத்துச் சென்றோம். அங்கே தமிழ் கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பெட்டியை ஓர் அமைதியான மூலையில் வைக்கச் சொன்னார். “தண்ணீர் ஊட்டாதீர்கள்; தீனி திணிக்காதீர்கள்; இருட்டும் அமைதியுமே இதற்கு மருந்து” என்றார். ஒரு மணி நேரம் சென்று, பிள்ளைகள் அனைவரும் மூச்சையடக்கிச் சூழ்ந்து நிற்க, புங்கமரத்தடியில் மூடியைத் திறந்தோம். பறவை ஒரு கணம் நம்மைப் பார்த்தது. விருட்டென்று கிளைக்குள் பாய்ந்து மறைந்தது. பிறகு இலைகளுக்கிடையிலிருந்து “ச்சி-ஸ்வீ, ச்சி-ஸ்வீ” என்று கூரிய குரல் ஒன்று எழுந்தது. பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர்.

நம் மகள் மட்டும் கைதட்டவில்லை. “அப்பா, இது எந்த ஊர்க் குருவி?” என்று கேட்டாள்.

இரயில்வே எழுத்தராகிய நாம் பயணச்சீட்டுச் சாளரத்தில் அமர்ந்து நாள்தோறும் பலரிடம் “எந்த ஊர்?” என்று கேட்பவர், அவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடையில்லை. ஆசிரியர் தந்த நூல்களையும், பின்னர் நாமே தேடிக் கற்றவற்றையும் கொண்டு அறிந்ததை நேயர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. மெட்ரிகுலேஷன் வரை படித்த நமக்கு இத்துறையில் புலமை ஏதுமில்லை. ஆயினும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஒருவனுக்கு, வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு பறவையின் மீது ஏற்படும் உறவுணர்ச்சி நமக்கு உண்டு.

பெயரும் உருவமும்

இதனைத் தமிழில் பறவை நூலார் பச்சை இலைக் கதிர்க்குருவி என வழங்குவர். கன்னடத்தில் இக்கூட்டத்தை ‘உலியக்கி’ என்கின்றனர். ‘உலி’ என்பது ஒலி. ‘ஹக்கி’ என்பது பறவை. நம் சொல்லும் அவர்கள் சொல்லும் எவ்வளவு அணுக்கமானவை என்பதை நேயர்களே காண்க.

உருவில் பத்துச் சென்டிமீட்டர் அளவே உள்ளது. மேற்புறம் மங்கிய பச்சை. அடிப்புறம் அழுக்கேறிய வெண்மை. கண்ணுக்கு மேலே புருவம்போல் ஒரு வெளிர்கோடு. இறகின் மேல் மெல்லியதொரு வெண்கோடு. எடை ஏறத்தாழ எட்டுக் கிராம். சாளரத்தில் நாம் எண்ணியெடுக்கும் பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏழேமுக்கால் கிராம்; ஆக, ஒரு நாணயத்தின் பளுவே இப்பறவையின் பளு என்று சொல்லிவிடலாம். இத்துணைச் சிறிய உடலைச் சுமந்துகொண்டு ஆண்டுதோறும் அது செய்யும் பிரயாணமோ மிகப் பெரிது. காச்மீரம் முதல் நடு ஆசிய மலைகள் வரையிலும், அதற்கப்பால் உருசிய நாட்டுக் காடுகளிலும், பால்டிக் கடலோரத்திலும்கூட இது கோடையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. தியான்சான் மலையிலிருந்து பெங்களூருக்கு நேர்கோட்டில் அளந்தாலே 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். புரட்டாசி வாக்கில் தென்னாட்டை அடைந்து, சித்திரையில் திரும்புகிறது. பெரும்பாலும் இரவிலே பறந்து, பகலில் ஏதேனும் மரத்தில் இறங்கி இரை தேடி, மீண்டும் இரவில் புறப்படுகிறது. முன்பதிவும் இல்லை, படுக்கை வசதியும் இல்லை.

இங்கு வந்தபின் என்ன செய்கிறது? மரத்தின் உச்சிக்கிளைகளில் இலை இலையாகத் தாவிப் புழு, பேன், சிறு பூச்சிகளைத் தேடித் தின்னுகிறது. தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, வேறு கதிர்க்குருவி உட்புகாதபடி அந்த “ச்சி-ஸ்வீ” என்னும் குரலால் காக்கிறது. நம் நெல்லைச் சீமையின் முண்டந்துறைக் காட்டிலும் இவ்வினம் வந்து தங்கும். அக்காட்டில் இதன் குளிர்கால வாழ்க்கையை அறிஞர் மதுசூதன் கட்டி ஆராய்ந்திருக்கிறார்.

எலெக்ட்ரானிக் சிட்டியின் வரலாறு இப்பறவையின் வரலாற்றோடு ஒப்பிட்டால் நேற்றையது. 1970-களின் பிற்பகுதியில், கியோனிக்ஸ் என்னும் அரசு நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகா அவர்களின் கனவாக, கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கர் பரப்பில் இது தொடங்கப்பெற்றது. 2010-ல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயிலும் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, கேழ்வரகுக் கொல்லைகளும் ஏரிக்கரைப் புங்கமரங்களும் இருந்த காலத்திலேயே, இக்குருவியின் மூதாதையர் இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தனர். அவ்வாறாயின் இவ்வூருக்கு வந்தேறி யார்? குருவியா, நாமா?

யார் யார் பெயரிட்டனர்?

உயிர்களை வகைப்படுத்துவது நம்மவர்க்குப் புதிதன்று. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுத்த தொல்காப்பியத்து மரபியல், எவ்வுயிரின் இளமையை எப்பெயரால் வழங்குவது என்றும் வரையறுத்தது. மேனாட்டில் இத்துறைக்கு அடிப்படை வகுத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். அவர் 1758-ல் வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்தே விலங்கினங்களுக்கு இரட்டைப் பெயர் இடும் முறை கணக்கிடப்படுகிறது. முதற்பெயர் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் பெயர் இனத்தைக் குறிக்கும். நம் வழக்கில் ஊர்ப்பெயரும் இயற்பெயரும் போல என்று கொள்ளலாம்.

இலைக் கதிர்க்குருவிகளின் தொல்லை என்னவெனில், ஒன்றற்கொன்று முகச்சாயலில் வேறுபாடு காண்பதே அரிது. இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார், அந்நாள் வரை ஒன்றெனக் கருதப்பட்ட குருவி உண்மையில் மூன்று இனங்கள் என்பதை 1768-ல் எழுதிய கடிதம் ஒன்றில் உறுதி செய்தார். அதற்கு அவருக்குப் பெருந்துணை செய்தது அவற்றின் பாட்டே. கண்ணால் பிரிக்க இயலாததைக் காதால் பிரித்தார் அவர்.

நம் குருவிக்கு இனப்பெயர் தந்தவர் சுந்தேவால் என்னும் சுவீடன் அறிஞர். கல்கத்தாவில் கிடைத்த பறவையைக் கொண்டு 1837-ல் அவர் இதனை விவரித்தார். வேடிக்கை என்னவெனில், ஆஸ்திரேலியாவில் வாழும் முற்றிலும் வேறான ஒரு குருவிக் கூட்டத்தின் பேரினத்திலேயே அவர் இதனைச் சேர்த்துவிட்டார்! முகவரி தவறிய கடிதம்போல் அது பின்னர் உரிய இடத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டது. உரிய இடம், போய் என்னும் ஜெர்மானியர் 1826-ல் அமைத்த ‘ஃபில்லோஸ்கோபஸ்’ என்னும் பேரினம். கிரேக்க மொழியில் அதற்கு ‘இலையைத் துருவி நோக்குவது’ என்பது பொருள். அடுத்து 1843-ல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் காட்சிசாலைக் காப்பாளரான எட்வர்ட் பிளைத் என்பவர், நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் வடிவத்துக்கு ‘விரிடானஸ்’ என்று பெயரிட்டார். சீனத்தில் தூதரகப் பணி புரிந்த ராபர்ட் ஸ்வின்ஹோ, இறகில் இரண்டு வெண்கோடுகள் கொண்ட கீழைநாட்டு வடிவத்துக்கு 1861-ல் ‘பிளம்பெய்டார்சஸ்’ என்று பெயரிட்டார். பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாயிருந்த ஹியூ விஸ்லர் 1931-ல் மேற்கு இமயத்து வடிவம் ஒன்றைப் பிரித்தறிந்தார். இவர்களுள் பலர் வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் பறவைகளை நோக்கியவர்கள் என்பது நம் போன்றோருக்கு ஊக்கமளிக்கும் செய்தியன்றோ?

குடும்பமும் ஒரு நிலையில் நின்றதில்லை. சலீம் அலியும் டில்லன் ரிப்ளேயும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில், கதிர்க்குருவிகள் ஈப்பிடிப்பான்களின் பெருங்குடும்பத்தில் ஓர் உட்பிரிவாக அடங்கியிருந்தன. பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வழி பிறந்தது. பார்த்தால், பழைய கதிர்க்குருவிக் குடும்பம் என்பது உறவற்ற பலரையும் ஒரே கூரையின் கீழ்த் தங்கவைத்த சத்திரமாக இருந்தது தெரியவந்தது. ஆகவே 2006-ல் பெர் ஆல்ஸ்டிராம் முதலிய அறிஞர்கள் இலைக் கதிர்க்குருவிகளுக்குத் தனிக் குடும்பமே வகுத்துவிட்டனர். பறவையோ, தன் குடும்பப் பெயர் மாறியதறியாது, வழக்கம்போல் புரட்டாசியில் வந்து புங்கமரத்தில் அமர்ந்தது.

பீடபூமியைச் சுற்றிய சங்கிலி

இனி, இக்குருவியை உலகப் புகழ் பெறச்செய்த விந்தையைக் கூறுவோம்.

திபெத்துப் பீடபூமியின் பெரும்பகுதி மரமற்ற வெளி. கதிர்க்குருவிக்குக் காடு வேண்டும். ஆதலின் அது பீடபூமியின் நடுவில் வாழ முடியாது. அதைச் சுற்றியுள்ள காடுகளில் வளையம்போல் பரவி வாழ்கிறது. தெற்கே இமயமலை, மேற்கே காச்மீரம் வழியாக நடு ஆசியா, கிழக்கே சீனத்து மலைகள், வடக்கே சைபீரியா. மருத்துவராயிருந்து பறவை நூலாராகிய கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் என்பவர் 1938-ல் இப்பேரினம் முழுவதையும் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இமயத்தில் தோன்றிய குருவி மேற்கு வழியாக ஒரு கிளையும் கிழக்கு வழியாக ஒரு கிளையுமாக வடக்கு நோக்கிப் பரவியது என்பது அவர் கருத்து. வளையத்தின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு மலைக் குருவி அடுத்த மலைக் குருவியைப் பெரிதும் ஒத்திருக்கும். ஆனால் இரு கிளைகளும் சைபீரியாவில் மீண்டும் சந்திக்குமிடத்தில், மேற்கிலிருந்து வந்த விரிடானஸும் கிழக்கிலிருந்து வந்த பிளம்பெய்டார்சஸும் ஒரே காட்டில் வாழ்ந்தும் ஒன்றையொன்று தம்மினமென மதிப்பதில்லை!

1942-ல் எர்ன்ஸ்ட் மேயர் என்னும் பேரறிஞர் இதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டி உலகறியச் செய்தார். டேரன் இர்வின், ஸ்டாஃபன் பென்ஷ், டிரெவர் பிரைஸ் ஆகிய மூவரும் வளையத்தின் பல இடங்களில் குருவிகளின் பாட்டைப் பதிவு செய்து, மரபணுக்களையும் ஒப்பிட்டு, 2001-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இமயத்தில் பாட்டு சுருக்கமானது, எளியது. வடக்கே செல்லச் செல்ல இரு வழிகளிலும் அது நீண்டு, சிக்கலாகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு விதமாக. சைபீரியக் காட்டில் ஒரு கிளையின் பாட்டை ஒலிபெருக்கியில் இசைத்தால், அக்கிளையின் ஆண்குருவி போட்டியாளன் வந்துவிட்டான் என்று சீறி வருகிறது. மற்றக் கிளையின் பாட்டை இசைத்தாலோ, ஏதோ இரைச்சல் என்று வாளாவிருக்கிறது.

இப்போது சொல்லுங்கள்: இவை ஓரினமா, இரண்டினமா? முனைகளை மட்டும் பார்த்தால் இரண்டு. சங்கிலி வழியே சுற்றி வந்தால் ஒன்று. கோட்டை எங்கே கிழிப்பது? இன்று பட்டியல் அமைப்போர் பலர் கீழைக் கிளையைத் தனி இனமாகவே எழுதுகின்றனர். காக்கசஸ் மலைகளில் கூடு கட்டி, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தில் வந்துசேரும் பளிச்சென்ற பசுநிறக் கதிர்க்குருவியும், இதனினின்று பிரித்துத் தனி இனமாக்கப்பட்டிருக்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. 2014-ல் அவ்வாராய்ச்சியாளருட் சிலரும் வேறு சிலரும் மரபணுத் தொகுதியை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். சங்கிலி என்றும் அறுபடாதிருந்தது என்று முன்பு எண்ணியது முழுதும் சரியன்று; முற்காலத்தில் சிலவிடங்களில் அது அறுந்து, குருவிகள் பிரிந்து வாழ்ந்து, பிறகு மீண்டும் கலந்திருக்கின்றன என்று கண்டனர். சைபீரியாவில் முற்றிலும் அந்நியமெனக் கருதிய இரு முனைகளுக்கிடையிலும் சிறிதளவு கலப்பு நேர்ந்திருப்பதற்கு அடையாளம் இருந்தது. அறுந்த கண்ணி மீண்டும் பொருந்தலாம் என்பதே இதன் கருத்து. இச்செய்தியைப் படித்த இரவு நமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. காரணம் குருவியன்று.

கட்டண நூலும் இயற்கையும்

நாம் இரயில்வேயில் சேர்ந்த புதிதில் பார்சல் அலுவலகத்தில் இருந்தோம். எப்பொருள் எவ்வகுப்பு, எவ்வகுப்புக்கு என்ன கட்டணம் என்று கூறும் கட்டண நூல் ஒன்று மேசை மீது இருக்கும். ஒரு நாள் ஒருவர் விந்தையான பொருளொன்றைக் கொணர்ந்தார்: பாதி மரச்சாமான், பாதி இசைக்கருவி. நூலைப் புரட்டிப் புரட்டிச் சலித்தோம். தலைமை எழுத்தர் சிரித்துவிட்டு, “தம்பி, பொருள் நூலுக்காகச் செய்யப்படவில்லை, நூல்தான் பொருளுக்காக எழுதப்பட்டது” என்றார். வகைப்பாடு வேண்டியதே, அஃதின்றேல் ஒரு வண்டியும் புறப்படாது. ஆனால் கோடு நாம் கிழித்தது, இயற்கை கிழித்ததன்று என்பதை மறவாதிருத்தல் நன்று.

ஆச்சியும் பேத்தியும்

நம் தாயார் நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரில் தனியே வாழ்கிறார். நிலத்தையும் வீட்டையும் விட்டு வர மனமில்லை. ஞாயிறுதோறும் மாலையில் தொலைபேசியில் பேசுவோம். சென்ற ஆவணியில் ஒரு நாள் பேத்தியிடம் பேச விரும்பினார்.

“ஏளா, லீவு விட்டா வெரசா வாங்களேம்ளா” என்றார் ஆச்சி.

மகள் நம்மைப் பார்த்து, “ஆச்சி என்ன சொல்றாங்கப்பா?” என்றாள். விரைவாக வரச் சொல்கிறார் என்றோம். உடனே அவள் உற்சாகமாக, “ஆச்சி, பேகா வர்றோம்!” என்றாள்.

‘பேக’ என்பது கன்னடத்தில் விரைவு. பள்ளியிலும் தெருவிலும் விளையாடுகையில் நம் பிள்ளைகள் நாவில் ஏறிய சொல். ஆச்சி சொன்னதும் பேத்தி சொன்னதும் ஒன்றே. ஆனால் ஒருவர் சொல் மற்றவர்க்கு எட்டவில்லை. இரண்டு மூன்று முறை முயன்றபின், “புள்ள பேசுதது எனக்கு வெளங்கலய்யா. நீயே சொல்லு” என்று தாயார் அலுப்புடன் கூறினார். அதன்பின் பல வாரங்கள் அவர் பேத்தியைக் கேட்கவே இல்லை. அவளும் தொலைபேசி மணியடித்தால் அடுத்த அறைக்குச் சென்றுவிடுவாள். சைபீரியக் காட்டின் இரு குருவிகள் நம் வீட்டிலேயே இருந்தன.

முதலில் நாம் பிள்ளையைக் குறை கூறினோம். பிறகு பெங்களூரைக் குறை கூறினோம். குருவியின் கதையைப் படித்தபிறகே குறை எங்கே என்று விளங்கிற்று. நேயர்களே, பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகத் தெற்கே செல்லும் வண்டியில் ஒரு முறை விழித்திருந்து பாருங்கள். ஓசூரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் கேட்கும். தருமபுரித் தமிழ் ஓசூராருக்கு விளங்கும். சேலத்துத் தமிழ் தருமபுரியாருக்கு விளங்கும். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று நிலையத்துக்கு நிலையம் இழுப்பும் சொல்லும் சிறிது சிறிதாக மாறும். எந்த இரண்டு அடுத்தடுத்த நிலையங்களுக்கிடையிலும் விளங்காமை இல்லை. வழியில் எங்கும் கோடு இல்லை. முனையிலிருக்கும் இருவர்க்கிடையில் மட்டும் கோடு எப்படி வந்தது?

நடுக்கண்ணி அறுந்ததனால் வந்தது. அந்நடுக்கண்ணி நாமே. இவ்வூருக்கு வந்த புதிதில் உடன் தங்கியிருந்த நண்பர்கள் நம் நெல்லைப் பேச்சைக் கேட்டுச் சிரித்தனர். நாணங்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக அதைக் கழற்றி வைத்துவிட்டோம். தாயாரிடம் மட்டும் அப்பேச்சு. மனைவியிடமும் மகளிடமும் எவ்வூர்க்கும் உரியதல்லாத ஒரு பொதுப் பேச்சு. ‘வெரசா’ என்னும் சொல்லை எட்டு ஆண்டுகளில் ஒரு முறையேனும் நம் மகள் நம் வாயிலிருந்து கேட்டிருப்பாளாயின், அன்று அவள் திகைத்திருக்க மாட்டாள். பெங்களூர்த் தமிழ் தமிழே அன்று என்று எள்ளுவோரும் உண்டு. ஊர்த் தமிழ் நாகரிகமன்று என்று ஒதுக்குவோரும் உண்டு. இருவரும் சங்கிலியின் முனைகளை மட்டுமே பார்ப்பவர்கள் என்பது நம் எளிய அபிப்பிராயம். ‘பேக’ என்று சொல்வது குற்றமன்று. அது நமக்குச் சோறிடும் நாட்டின் சொல். ‘வெரசா’ என்பதைச் சொல்லித் தராமல் விட்டதே குற்றம்.

பாடும் பறவைகளுள் இவ்வகுப்பைச் சேர்ந்தவை பாட்டைப் பிறவியிலேயே முழுதாகப் பெறுவதில்லை. இளமையில் மூத்தவற்றின் குரலைக் கேட்டே கற்கின்றன. கேளாத குஞ்சுக்குப் பாட்டு வாராது. மனிதர்க்கும் அதுவே நியதி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதன் எந்த வயதிலும் புதிய சொல்லைக் கற்கலாம். விட்ட சொல்லையும் மீண்டும் எடுக்கலாம்.

ஆகவே கார்த்திகை முதல் நம் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். இரவு உணவின்போது நாளுக்கு இரண்டு ஊர்ச்சொற்கள். மகள் ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்தி கட்டி, ஒன்றில் ‘ஆச்சி சொல்’ என்றும் மற்றதில் ‘என் சொல்’ என்றும் தலைப்பிட்டு எழுதிவருகிறாள். அவளும் ஒரு வகைப்பாட்டு நூல் இயற்றத் தொடங்கிவிட்டாள் என்று சொல்லலாம்! இரண்டில் எது சரி என்று அவள் ஒரு நாள் கேட்டாள். இரண்டும் சரி; இரண்டையும் அறிந்தவளே செல்வி என்றோம்.

தைப் பொங்கலன்று அவளே தொலைபேசியை எடுத்தாள். “ஆச்சி, சித்திரையில வெரசா வாரோம்” என்றாள். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு நம் தாயாரின் சிரிப்பொலி கேட்டது. “பேகா வாங்க ளா, பேகா வாங்க!” என்றார். அந்த ஆவணி மாதத்துச் சொல்லை அவர் மறக்கவில்லை. இத்தனை மாதமும் அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறார்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பிரிந்து வாழும் துயரில் பறவையிடம் முறையிடுவது நம் புலவர் மரபு. வறுமையால் மதுரைக்கு வந்து குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், வடதிசை நோக்கிப் பறந்த நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லும்படி வேண்டினார். நமக்கோ தொலைபேசி உண்டு, இரயில் உண்டு. இருந்தும் செய்தி போய்ச் சேரவில்லையாயின் பழி யாருடையது?

ஆதலின் அன்பர்கள் தத்தம் ஊர்ப்பேச்சைப் பிள்ளைகள் காதில் விழுமாறு வீட்டில் பேசுக. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்தும் இலக்கணமும் கற்பிக்கலாம். ஆச்சியின் சொல்லை அங்குக் கற்பிக்க இயலாது. அதனை வீட்டார்தாம் தர வேண்டும். சென்ற ஆண்டு முப்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் இப்போது பதினேழு பேரே வருகின்றனர் என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

மற்றொன்று: புரட்டாசி, ஐப்பசி மாதங்களிலும், பங்குனி, சித்திரையிலும் உங்கள் குடியிருப்பின் கண்ணாடிகள் மீது ஒரு கண் வையுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நான்கு விரற்கடைக்கு மேற்படாத இடைவெளியில் கோடுகளோ புள்ளிகளோ ஒட்டினால், பறவைகள் அதைத் தடையென்று உணர்ந்து விலகும். மோதி விழுந்த பறவையைக் கண்டால் இருண்ட பெட்டியில் வைத்து ஓய்வு கொடுத்து, தெளிந்ததும் மரத்தடியில் விடுங்கள். உங்கள் தெருவில் ஒரு புங்கமரத்தை வெட்ட வந்தால், எட்டுக் கிராம் எடையுள்ள ஒரு குடித்தனம் அதில் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இதனை எழுதும் மாசி மாதத்திலும் வகுப்பு வாசலிலுள்ள புங்கமரத்தில் “ச்சி-ஸ்வீ” என்னும் குரல் கேட்கிறது. நாம் பெட்டியில் வைத்துக் காத்த அதே குருவியோ, வேறொன்றோ, சொல்ல வழியில்லை. மகள் அதே என்றுதான் சாதிக்கிறாள். சித்திரையில் அது வடக்கே புறப்படும். நாம் தெற்கே புறப்படுவோம். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. வண்டியில் ஒவ்வொரு நிலையத்திலும் தன்னை எழுப்ப வேண்டுமென்று மகள் கட்டளையிட்டிருக்கிறாள். குறிப்பேட்டில் இடையில் வரும் ஊர்களுக்கெல்லாம் இப்போதே பத்தி கட்டி வைத்துவிட்டாள்.